இரண்டு நொடிப் படம்

எங்கள் வீட்டில் அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த பொருள்கள் இருபத்து மூன்று. முந்தைய வருடமும் இருபத்து மூன்றுதான். பழைய டிவி போன இடத்துக்கு மகன் வாங்கிக் கொடுத்த தட்டை டிவி வந்திருந்தது. எங்கள் தெருவில் அப்போது தட்டை டிவி உள்ள வீடுகள் எங்களுடையதையும் சேர்த்து மூன்றுதான்.

அரசாங்கக் கிடங்குகளில் இருப்புச் சரிபார்ப்பவனாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். பதிவேட்டில் எழுதியிருக்கும் எண்ணிக்கை அலமாரியில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்ப மோட்டார் முப்பத்தெட்டு நிமிடம் ஓட வேண்டும். கேஸ் சிலிண்டர் நாற்பத்தொரு நாள் வரும், விருந்தாளி வந்தால் முப்பத்தாறு. சேலையூர்ப் பக்கம் நாங்கள் கட்டிய வீட்டில் எண்ணுவதற்கு எப்போதும் ஏதாவது இருந்தது.

பூஜையன்று மனைவி சமையலறையில் சுண்டலோடு இருந்தாள். பொட்டும் பூவும் என் பொறுப்பு. கிரைண்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மணை, மோட்டார், சைக்கிள் என்று வரிசையாக முடித்துக்கொண்டு கடைசியில் டிவிக்கு வந்தேன். பழைய டிவி பெட்டியாக இருந்தது. தலையில் பூவை வைத்தால் ஒரு வாரம் அப்படியே உட்கார்ந்திருக்கும். புதியதற்கு மேலே விரல் அகலம்கூட இடமில்லை. சாமந்திச் சரம் இரண்டு முறை வழுக்கிக் கீழே விழுந்தது. பூக்காரம்மா தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்ற சரம், கனமாக வேறு இருந்தது. டிவியின் முதுகில், மேல் ஓரத்தில், சூடு வெளியேறுவதற்காக நீளவாட்டில் துளைகள் இருந்தன. சரத்தின் ஒரு நுனியை இடது பக்கத் துளையிலும் மறு நுனியை வலது பக்கத் துளையிலும் சொருகினேன். நின்றது. முன்னால் வந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் சிறப்பு நிகழ்ச்சி பார்க்க டிவியைப் போட்டோம். கால் மணி நேரம் ஓடியிருக்கும். திரை இருண்டுவிட்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டால் படம் பளிச்சென்று வந்தது, இரண்டு எண்ணுவதற்குள் போய்விட்டது.

“வோல்டேஜா இருக்கும்” என்றேன். அடுத்த நாள் வோல்டேஜ் சரியாக இருந்தது, டிவி அப்படியேதான் இருந்தது. அப்போது மனைவியிடம், “பூஜைக்கு முன்னாடி ஈரத்துணி போட்டுத் துடைச்சியா?” என்று கேட்டேன்.

“காஞ்ச துணிதான்.”

“ஞாபகப்படுத்திப் பாரு.”

“ஞாபகம் இருக்கு. காஞ்ச துணிதான்.”

அடுத்த நான்கு நாட்களில் இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாக ஆறு முறை கேட்டேன். ஆறாவது முறை அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

டிவி போனது பெரிய விஷயமில்லை. எனக்கிருந்த கவலை மகனைப் பற்றியது. அவனுக்குச் சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அந்தப் பக்கமே ஏழாவது மாடியில் ஒரு ஃப்ளாட்டில் மனைவியோடு இருந்தான். ஒன்றரை வருடமாக எங்களையும் அங்கே வரச் சொல்லிக்கொண்டிருந்தான். “இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்பா. உங்க ரெண்டு பேராலயும் இனிமே தனியா சமாளிக்க முடியாது.” சமாளிக்க முடியாததற்கு அவனிடம் சான்றுகள் இருந்தன. மோட்டாரை அணைக்க மறந்து மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது இரண்டு முறை. அவன் அம்மா குளியலறையில் வழுக்கியது ஒரு முறை. பால் அடுப்பில் தீய்ந்தது ஒரு முறை. மொத்தம் நான்கு. அவன் எழுதி வைத்திருக்கவில்லை. ஆனால் பேசும்போது ஒன்றையும் விடமாட்டான். அந்த விஷயத்தில் என் பிள்ளைதான்.

அந்த ஃப்ளாட்டில் நான் ஒன்பது நாள் இருந்து பார்த்திருக்கிறேன். நல்ல வெளிச்சம், நல்ல காற்று. தண்ணீரை அசோசியேஷன் ஏற்றிவிடும். குப்பையை ஒருவர் வாசலில் வந்து எடுத்துக்கொள்வார். குழாய் ஒழுகினால் கீழே ஃபோன் செய்தால் போதும். ஒன்பது நாளில் நான் ஒரு திருகைக்கூட முடுக்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து லிஃப்ட் கதவு திறந்து மூட எத்தனை நொடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

ஆகவே ஐந்தாவது சான்று அவன் கைக்குப் போகக் கூடாது. அதுவும் அவன் வாங்கித் தந்த பொருள். அப்போது அவன் வேலை விஷயமாக வெளிநாடு போயிருந்தான், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் திரும்புவதாக ஏற்பாடு. ஆயுத பூஜையிலிருந்து தீபாவளிக்குப் பத்தொன்பது நாள். ஐந்து நாளை ஈரத்துணியில் கழித்துவிட்டிருந்தேன்.

கம்பெனி சர்வீஸைக் கூப்பிட முடியாது. டிவி வாங்கியபோது பதிவு செய்தது மகனின் செல் நம்பர். புகார் கொடுத்தால் அந்த நிமிடமே அவனுக்கு மெசேஜ் போய்விடும். மனைவியிடம் சொன்னேன்: “அவன் ஃபோன் பண்ணா டிவியைப் பத்தி எதுவும் பேச வேண்டாம்.” அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஒரு டிவி மெக்கானிக் கடை இருந்தது. கடைக்காரர் நாற்பது நாற்பத்தைந்து வயதுக்காரர். வெள்ளைத் தொப்பி, காதில் செருகிய டெஸ்டர். எங்கள் பழைய டிவியை இரண்டு முறை சரி செய்து கொடுத்தவர். ரயில்வே மேம்பாலத்தின் படிகளை ஏறி இறங்கி அவரிடம் போனேன்.

“வாங்க சார். இன்னா கம்ப்ளெய்ன்ட்டு?”

“படம் வருது. ரெண்டு எண்ணறதுக்குள்ள போயிடுது. சத்தம் இருக்கு.”

“ரெண்டுன்னா?”

“பதினோரு தடவை போட்டுப் பார்த்தேன். ஒம்பது தடவை ரெண்டு. ரெண்டு தடவை மூணு.”

அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். “சார், இருவது வருசமா இந்தத் தொழில்ல கீறேன். ‘டிவி ஓடல’ம்பாங்க, ‘மக்கர் பண்ணுது’ம்பாங்க, ‘ஒரு மாதிரி கீது’ம்பாங்க. எண்ணிக்கினு வந்த மொத ஆளு நீங்கதான்.”

“தப்பா?”

“தப்பா? பாதி வேலைய முடிச்சிட்டீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. தொழுகை முடிச்சிட்டு வூட்டுக்கே வரேன். தூக்கிக்கினு கீக்கினு வந்துடாதீங்க, ஆட்டோல படுக்க வச்சா பானல் அம்பேல்.”

மறுநாள் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர் மூன்று நாற்பதுக்கு வந்தார். டிவியைப் போட்டு, திரை இருண்டதும், பையிலிருந்து டார்ச்சை எடுத்துத் திரைக்கு அருகே பிடித்தார். “இங்க பாருங்க சார்.”

டார்ச் வெளிச்சம் விழுந்த வட்டத்துக்குள் படம் தெரிந்தது. மங்கலாக, ஆனால் அசைந்துகொண்டு. ஒரு பெண் யாரிடமோ கோபமாகப் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி இத்தனை நாளும் தொடரைச் சத்தத்தை மட்டும் கேட்டே தொடர்ந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்து குனிந்து பார்த்தாள்.

“அய்யே, இவ எப்ப முடியை வெட்டிக்கிட்டா?”

“அத நம்மகிட்ட கேட்டா எப்டிமா” என்றார் மெக்கானிக். “படம் நல்லாத்தான் கீது. இருட்டுல நின்னுக்கினு கீது, அவ்ளோதான். திரைக்குப் பின்னாடி குட்டிக் குட்டி டியூப் லைட்டு மாதிரி இருக்கும் சார். அதுங்களுக்குக் கரண்ட் குடுக்குற போர்டு போயிருக்கும். பானல் போயிருந்தா உங்களுக்கு வேற டிவிதான். நீங்க தப்பிச்சீங்க.”

கட்டிலில் கம்பளியை இரட்டையாக மடித்து விரித்தோம். அதன்மேல் டிவியைக் குப்புறப் படுக்க வைத்தார். முதுகு மூடியில் திருகுகள் பதின்மூன்று. ஒன்பது நீளம், நான்கு குட்டை. நான் ஒரு தாளில் டிவியின் முதுகை வரைந்து, அவர் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தேன்.

“சார், எல்லாம் ஒண்ணா ஒரு கிண்ணத்துல போடுங்க. மாட்டும்போது எனக்குத் தெரியும்.”

“இருக்கட்டும்.”

“இப்டிப் படம் வரைஞ்சி வச்சா, கடைசில ஒண்ணு மிச்சமாச்சின்னா மாட்டிக்குவேனே.”

“அதுக்குத்தான்.”

அவர் சிரித்துக்கொண்டே மூடியைத் தூக்கினார். பிறகு சிரிக்கவில்லை. உள்ளே டார்ச் அடித்து, மெதுவாக விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இன்னொன்று. இன்னொன்று. கையை எங்கள் பக்கம் நீட்டினார். காய்ந்து சுருண்ட மஞ்சள் சாமந்தி இதழ்கள். ஏழு.

“உள்ள வரைக்கும் பூஜ பண்ணிட்டீங்களே சார்.”

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். இடது பக்கத் துளைக்கு நேர் கீழே, நீளமான ஒரு பச்சைப் பலகையில் தண்ணீர் வழிந்த வெள்ளைத் தடம் தெரிந்தது. தடம் முடிந்த இடத்தில் கறுப்பாக எரிந்த ஒரு புள்ளி, மிளகு அளவு.

“மேலருந்து சொட்டியிருக்கு. பூவுல தண்ணி ரொம்ப இருந்துச்சா?”

“பூக்காரம்மா தெளிச்சிருப்பா” என்றேன்.

மனைவி இதழ்களைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. “ஈரத்துணி” என்றாள், அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள். டீ போடும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

மெக்கானிக் இதழ்களைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “அம்மா, இத இன்னா பண்றது? சாமிக்கு வச்ச பூ. நான் குப்பைல போட மாட்டேன், அப்புறம் உங்க சாமி என் கடைக்கு வந்துடும்.” மனைவி ஒரு தட்டோடு வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போய்த் துளசித் தொட்டியில் போட்டாள்.

போன பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். “இதே மாதிரி வேணும். புதுசா கெடைக்காது சார். பானல் ஒடைஞ்ச டிவிங்கள வாங்கி, உள்ள இருக்குறத பிரிச்சி விப்பானுங்க. ரிச்சி தெருவுல கெடைக்கும். நான் போனா ஒரு நாள் கடை போயிடும், தீபாவளி நேரம் பாருங்க. நீங்களே போய்ட்டு வாங்க.” பலகையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். “இந்த நம்பரு அப்டியே இருக்கணும். அவனுங்க ‘இதுவே ஓடும்’னு தள்ளி விடுவானுங்க. ஒண்ணு மாறுனாலும் வாங்காதீங்க. உங்ககிட்ட இதச் சொல்லணுமா இன்னா.”

சீட்டில் எழுத்தும் எண்ணுமாகப் பதினான்கு இருந்தன. ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். பிறகு இன்னொரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். பலகை செய்தித்தாளில் சுற்றி, துண்டில் மூடி, மஞ்சள் பைக்குள் மடியில் இருந்தது. பதினான்காவது நிறுத்தம் எழும்பூர். அங்கே இறங்கி நடந்தேன்.

ரிச்சி தெருவில் என் வயதுக்காரர்களைக் காணவில்லை. எல்லோரும் அவசரமாக இருந்தார்கள். முதல் கடையில் பலகையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையிலும் இல்லை. மூன்றாவது கடையில் ஒருவர் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார். பார்ப்பதற்கு அச்சு அசல். நான் தாளைப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். பதின்மூன்று சரி. பதினான்காவது என்னுடையதில் மூன்று, அதில் ஐந்து.

“கடைசி நம்பர் வேற.”

“அது ஒண்ணும் இல்ல சார், பேட்ச் நம்பரு. தாராளமா ஓடும்.”

“இந்த ஒயர் மாட்டுற இடத்துல என்னோடதுல பன்னிரண்டு முள் இருக்கு. இதுல பதினாலு.”

அவர் இரண்டையும் வாங்கி எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். “பெரியவரே, நீங்க எந்தக் கம்பெனில இருந்து வரீங்க?” என்றார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். அவர்தான், மாடியில் உடைந்த டிவிகளை மட்டுமே வாங்கும் ஒருவர் இருப்பதாக வழி காட்டினார்.

அது செங்குத்தான படி. இருபத்தாறு. மேலே திரை நொறுங்கிய டிவிகளைப் புத்தகங்கள்போல நிற்க வைத்திருந்தார்கள். சுவரோரம் மட்டும் நாற்பதுக்கு மேல் இருந்தன, எண்ணி முடிப்பதற்குள் கடைக்காரர் வந்துவிட்டார். எங்கள் டிவியைப் போலவே ஒன்று அவற்றில் நின்றது. யார் வீட்டிலோ பிள்ளைகள் பந்து எறிந்திருக்க வேண்டும், நடுவிலிருந்து சிலந்தி வலையாக விரிந்திருந்தது. முதுகைத் திறந்து பலகையைக் காட்டினார். பதினான்கும் சரி, முள் பன்னிரண்டு. வாங்கிக்கொண்டேன். அந்த டிவியின் காற்றுத் துளைகளுக்கு மேலே கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். வீட்டில் மனைவியிடம் அதைச் சொன்னேன். “அவங்களாவது வெளியில வெச்சிருக்காங்க” என்றாள்.

மெக்கானிக் புதன்கிழமை வந்தார். மாட்டுவதற்கு அரை மணிகூட ஆகவில்லை. மூடுவதற்கு முன் போட்டுப் பார்த்தார். படம் வந்தது. நான் எண்ணினேன். இரண்டு, மூன்று, பத்து. அறுபது வரை எண்ணினேன்.

“போதும் சார். இனிமே அது ஓடும்.”

“கால் மணி நேரம் ஓடித்தான் போச்சு அன்னிக்கு.”

“சரி, கால் மணி நேரம் ஒக்காருவோம்” என்று கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். மனைவி அவருக்கு டீ கொண்டு வந்தாள். மூன்று பேரும் தொடரைப் பார்த்தோம். முடி வெட்டிய பெண் யார், அவளுக்கும் மாமியாருக்கும் என்ன தகராறு என்று மனைவி அவருக்கு விளக்கினாள். “எங்க வூட்லயும் இதே நாடகம்தான் ஓடுது. கடைல ஒக்காந்தா நிம்மதி” என்றார் அவர். இருபது நிமிடம் ஆனது. பதின்மூன்று திருகுகளும் தாளிலிருந்து அவற்றின் இடத்துக்குப் போயின. தாள் காலியானது.

போகும்போது வாசலில் நின்று, “சார், அடுத்த வருசம் அதுக்குப் பொட்டு மட்டும். பூ வேணும்னா செவுத்துல ஒரு ஆணி அடிச்சி மாட்டுங்க” என்றார்.

தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. தினமும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை டிவியைப் போட்டு எண்ணிப் பார்த்தேன். திரையின் இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் மஞ்சளாக இருப்பதுபோல் தோன்றியது. மனைவி இல்லை என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருந்தது.

தீபாவளியன்று காலை ஏழரை மணிக்கு மகனும் மருமகளும் மேடவாக்கம் வழியாகக் காரில் வந்து சேர்ந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத் துணி போட்டு, இட்லி சாப்பிட்டு முடித்ததும் மகன் சோபாவில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தான். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். படிக்கவில்லை. படம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “எத்தனை ஸ்க்ரூப்பா?”

“என்னது?”

“பின்னாடி. மொத்தம் எத்தனை ஸ்க்ரூ?”

“பதிமூணு.”

“பதிமூணும் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சமையலறையில் வடை எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

“உங்க அம்மா எப்ப சொன்னா?”

“ஆயுத பூஜைக்கு மறுநாளே. நான் அங்கேருந்து ஃபோன் பண்ணேன்ல, அப்ப. அப்புறம் தினமும்.”

அதாவது மறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்கள் முழுவதிலும் எதுவும் மறைந்திருக்கவில்லை. சமையலறைக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். “சொல்ல வேண்டாம்னு சொன்னேனே?”

“நீங்க சொன்னது அஞ்சு நாள் கழிச்சு. அவன் கேட்டது மறுநாள்.” வடையைத் திருப்பிப் போட்டாள். “சர்வீஸுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டான். வேண்டாம், அப்பா என்ன பண்றார்னு பார்ப்போம்னு நான்தான் சொன்னேன்.”

“எதுக்கு?”

“எனக்குத் தெரிஞ்சிக்கணும்ல. அங்க போகணுமா, இங்கயே இருக்கலாமான்னு. நீங்களும் அவனும்தான் பேசிக்கிறீங்க. என்னை யாரு கேட்டீங்க?”

அது உண்மை. ஒன்றரை வருடத்தில் அவன் எத்தனை முறை கூப்பிட்டான், நான் எத்தனை முறை மறுத்தேன் என்று என்னால் சொல்ல முடியும். அவளிடம் கேட்டது ஒரு முறைகூட இல்லை.

“சரி, இப்ப கேக்கறேன். போகணுமா?”

“ஏழாவது மாடி வேண்டாம். எனக்குத் தலை சுத்துது” என்றாள். “இதை ஹாலுக்குக் கொண்டு போங்க. ஆறு வடை இருக்கு, எண்ண வேண்டாம்.”

நான் தட்டை வைத்தபோது மகன் டிவியின் பின்பக்கம் போய்க் குனிந்து துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, “அங்க வாங்கன்னு இந்த வருஷம் கேக்கலப்பா. அடுத்த ஆயுத பூஜைக்குக் கேக்கறேன்” என்றான். பிறகு உட்கார்ந்து வடையை எடுத்துக்கொண்டு, “இடது பக்கம் லேசா மஞ்சளா இல்ல?” என்றான்.

“நான் சொன்னேன்” என்றேன் சமையலறைப் பக்கம் பார்த்து.

அடுத்த வருடம் சுவரில் ஆணி அடித்தேன். பூஜையன்று மாலை ஆறு மணிக்கு மகன் ஃபோன் செய்தான். நலம் விசாரிக்கவில்லை. “ஓடுதா?” என்றான்.

“ஓடுது.”

“சரி” என்று வைத்துவிட்டான். இதுவரை அந்த ஃபோன் மூன்று முறை வந்திருக்கிறது.